இரண்டு கம்பி நுழைந்த வீடு

அத்தியாயம் 9

ராஜவேலின் மேசைமேல் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு லேப்டாப். ஆறிப்போன டீ. ஒரு ஸ்கூட்டர் சாவி.

ஸ்கூட்டர் இல்லை. அது அரியலூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், முன்சக்கரம் இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, அந்த டீயைக் குடிங்க. இல்லைன்னா அதுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சிடலாம்" என்றாள் மர்ஜியா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜவேல் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் எதுவும் சுடுவதுமில்லை, குத்துவதுமில்லை. திருச்சியில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மனைவி செத்த பிறகு பெரம்பலூருக்கு வந்து, ஒரு விதைக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு மாட்டினான். லப்பைக்குடிக்காட்டு மர்ஜியா முதல் நாளே வேலைக்கு வந்து சேர்ந்தாள். காணாமல் போன மாப்பிள்ளை, களவு போன மோட்டார் என்று சில்லறை வழக்குகள் வந்தன. எல்லாவற்றையும் முடித்தார்கள். முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. அது அவனுடையது.

ஒரு சனிக்கிழமை அவன் மனைவி இலக்கியா கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி வராது. அன்றைக்கு வந்தது. அளவுக்கு மீறிய லோடு. திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

டிரைவரை ஜெயிலில் போய்ப் பார்த்தான் ராஜவேல். டிரைவர் அழுதான். "மெயின் ரோட்டுல பிரேக் இன்ஸ்பெக்டர் நிக்கிறாருன்னு போன்ல செவப்பு காட்டுச்சு சார். கல்லங்குறிச்சி ரோடு பச்சை. பார்த்துப் போங்கன்னு கீழ போட்டிருந்துச்சு. பார்த்துத்தான் சார் போனேன்."

'வழித்துணை' என்பது டிரைவர் போனில் பார்த்த இணையப் பக்கத்தின் பெயர். எந்த ரோட்டில் செக்கிங், எந்த ரோடு காலி என்று ஓவர்லோடு லாரிகளுக்குச் சொல்வது அதன் தொழில். இரவும் பகலும் நிற்காமல் சொல்லும்.

ஓட்டியவனைப் பிடித்துவிட்டார்கள். அனுப்பியவரை யாரும் தேடவில்லை.

"மாசக்கணக்கா இதையே பார்க்குறீங்க. இன்னிக்கு என்னண்ணே புதுசா?" என்று மர்ஜியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வழித்துணைன்னு பேரைத் தட்டினா, அந்தப் பேருக்கு என்ன நம்பர்னு கேட்டுச் சொல்ற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. டி.என்.எஸ்.னு சொல்லுவாங்க. நம்பர் கிடைச்சாத்தான் போன் அந்த இடத்துக்குப் போகும்."

"பேரைச் சொன்னா வூட்டைக் காட்டுற ஆளு. சரி."

"காட்டும்போதே இன்னொண்ணும் சொல்லும். இந்த நம்பரை எவ்வளவு நேரம் ஞாபகத்துல வச்சுக்கலாம்னு. மத்த பக்கமெல்லாம் மணிக்கணக்குல சொல்லும். இது, ஒரு நிமிஷத்துக்கு மேல நம்பாதேங்குது."

"எங்க பெரியம்மா மாதிரி."

"எப்ப வேணா இடம் மாறத் தயாரா இருக்கிற ஆளுதான் அப்படி எழுதும். அங்க ரெண்டு இன்டர்நெட் லைன் இருக்கு மர்ஜியா. ஒண்ணு செத்தா, பேருக்கு நேரா இன்னொண்ணோட நம்பர் வந்துடும். லாரிக்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"எங்க ஊருல வூட்டுக்கு வூடு ரெண்டு முகவரிதாண்ணே. ஒண்ணு லப்பைக்குடிக்காடு, இன்னொண்ணு துபாய். இதுல என்ன அதிசயம்? சரி, முதல் லைன் செத்துடுச்சுன்னு யாரு சொல்றது?"

"பேரைப் பார்த்துக்கிற வெளிநாட்டுக் கம்பெனியே நிமிஷத்துக்கு ஒரு தடவை முதல் லைனோட கதவைத் தட்டும். பதில் வந்தா உயிரோட இருக்கு. வரலைன்னா ரெண்டாவது."

"தட்டுறவரு, உள்ள யாருன்னு கேப்பாரா?"

"கேக்க மாட்டார். சத்தம் வந்தா போதும்."

மர்ஜியா சிரித்தாள். ராஜவேல் சிரிக்கவில்லை. அவளுடைய கேள்வியை மட்டும் சாவியோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"முதல் நம்பர் நம்ம ஊரு இளையபெருமாளோடது" என்று எழுந்தான்.

"கேபிள்காரரா? அவரா இதைப் பண்றாரு?"

"அவர் வயர்ல தொங்குற யாரோ ஒருத்தர். வா."

* * *

இளையபெருமாளின் கண்ட்ரோல் ரூமில் பெட்டிகள் பச்சையும் ஆரஞ்சுமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஏ.சி. குளிருக்கு நடுவே வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார் மனிதர். ராஜவேல் வழித்துணையைப் பற்றிச் சொல்ல, லாரி என்ற சொல்லைக் கேட்டதுமே நிமிர்ந்தார்.

"பேரைச் சொல்லாதீங்க தம்பி. வாரம் தவறாம என் வயரை அறுக்குறானுவ. லோடு மேல லோடை ஏத்திக்கிட்டு, ரோட்டுக்குக் குறுக்க போற கேபிளை மாலை மாதிரி மாட்டிக்கிட்டுப் போயிடுறானுவ. நான் பின்னாடியே ஏணியோட ஓடுறேன். அந்தப் பக்கத்தை நடத்துறவன் எவன்னு சொல்லுங்க, நானே வர்றேன்."

ராஜவேல் மர்ஜியாவைப் பார்த்தான். அவளுக்கும் புரிந்தது. லாரிகளுக்கு வழி சொல்லும் பக்கத்தின் வயரையே லாரிகள் அறுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இரண்டாவது லைன்.

"இந்த நம்பர் எந்த வூட்டுக்குக் குடுத்ததுன்னு பார்க்க முடியுங்களா?"

இளையபெருமாள் கைகளை விரித்தார். "மாறாத நம்பரெல்லாம் என் பொண்ணு பிரிச்சுக் குடுத்தது தம்பி. ஜெயசித்ரா. திருச்சியில இன்ஜினியரிங். இந்த ரூமுல இருக்கிற ஒவ்வொரு பொட்டியும் அவ கை பட்டதுதான். கட்டிக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் எந்த நம்பர் எந்த வூடுன்னு எவனுக்கும் தெரியாது. ஓடுது, ஓட்டுறோம்."

"அப்ப அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?" என்றாள் மர்ஜியா.

"வேண்டாம்" என்றான் ராஜவேல், சட்டென்று. "அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும். ஏரியா ஏரியாவா அணைச்சுப் பார்த்துடலாங்க. எதை அணைச்சா வழித்துணையோட நம்பர் மாறுதோ, அந்த ஏரியா."

அணைத்தார்கள். துறையூர் ரோடு லைன் போயிற்று. வழித்துணையின் நம்பர் அசையவில்லை. எளம்பலூர் லைன் போயிற்று. அசையவில்லை. ஆபீஸ் போன் அலறத் தொடங்கியது. மர்ஜியா எடுத்தாள்.

"சீரியல் நின்னுடுச்சா? ... இல்லம்மா, நாங்க நிறுத்தல. மருமகளை அடிக்கக் கையை ஓங்குனாங்கல்ல, அந்தக் கை வலிக்குதாம். கொஞ்ச நேரத்துல இறக்கிடுவாங்க."

அடுத்தது பேரளி. ஊழியர் விசையை இறக்கினார். ராஜவேல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு நிமிடம்.

நம்பர் மாறியது.

"இது யாரோட நம்பருங்க?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்த இளையபெருமாள் உரக்கச் சிரித்தார். "அரியலூர் கேபிள்காரன் ராஜராஜனோடது! தம்பி, உங்க கணக்கு எங்கேயோ தப்பு. மாவட்ட எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் அவன் கம்பம், இந்தப் பக்கம் என் கம்பம். டிஷ் காலத்துல இருந்து பேச்சு அப்படி. மீறி வயர் வந்தா வெட்டிடுவோம். வெட்டியும் இருக்கோம், மண்டையும் உடைஞ்சிருக்கு. பேரளி லைன்ல இருக்கிற வூட்டுக்குள்ள ராஜராஜன் வயர் போகவே..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"போகவே?" என்றாள் மர்ஜியா.

"ஒரு வூட்டுக்குள்ள போவுது."

பெட்டிகள் மட்டும் கண் சிமிட்டின.

"ராஜராஜன் இப்ப என் சம்பந்தி" என்றார் இளையபெருமாள். குரல் இறங்கியிருந்தது. "அடிச்சுக்கிட்டது போதும்னு பெரியவங்க பேசி, அவன் மகன் பிரசாத்துக்கு என் பொண்ணைக் குடுத்தோம். எல்லைப் பலகைகிட்டயே வூடு கட்டி வச்சோம். கட்டிலு, பீரோ, ஃப்ரிட்ஜு எல்லாரும் குடுக்கிறது. நான் சீரோட சீரா ஒரு இன்டர்நெட் லைனும் குடுத்தேன். ராஜராஜன் சும்மா இருப்பானா? மகனுக்குன்னு அவன் பக்கத்துல இருந்து ஒண்ணை இழுத்துட்டான். ரெண்டு பேருக்கும் கௌரவம்."

"சீர்வரிசையில இன்டர்நெட்டா?" மர்ஜியா வாயைப் பிளந்தாள். "தாம்பாளத்துல எப்படி வச்சுத் தூக்கினீங்க?"

இளையபெருமாள் அதைக் காதில் வாங்கவில்லை. முகம் சிவந்துகொண்டிருந்தது. "பிரசாத்து... ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தத் தெரியாத பய. லாரி வாங்கப் போறேன், லாரி ஓனருங்க எல்லாம் எனக்குப் பழக்கம்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சப்பவே நினைச்சேன். என் பொண்ணு இருக்கிற வூட்டுல வச்சு இந்த வேலையா?"

"வயர் எந்த வூட்டுக்குள்ள போவுதுன்னு மட்டும்தாங்க எனக்குத் தெரியும்" என்றான் ராஜவேல்.

"அது போதும். அவனைப் பிடிச்சு உள்ள தள்ளுங்க தம்பி. என் பொண்ணை நான் கூட்டிக்கிட்டு வந்துடறேன். நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"அந்தச் சீர் நம்பரை எனக்குக் குடுங்க."

"எப்படி?"

"பேரளி லைன் அணைஞ்சே கிடக்கட்டும். அந்த நம்பரை இந்த ரூமுல என் லேப்டாப்புக்குப் போட்டுடுங்க. தட்டிப் பார்க்கிற ஆளுக்கு இங்க இருந்து சத்தம் குடுக்கிறேன்."

மர்ஜியா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். "நான் கிண்டலுக்குக் கேட்டேண்ணே."

"தெரியும்."

லேப்டாப்பில் வழித்துணையின் அச்சு அசலான நகல் ஒன்று மாதக்கணக்காகத் தயாராக இருந்தது. அதே எழுத்து, அதே பச்சை, அதே சிவப்பு, கீழே அதே 'பார்த்துப் போங்க'. ஊழியர் ஒரு வயரைச் செருகி நம்பரை மாற்றிக் கொடுத்தார். கதவு தட்டப்பட்டது. ராஜவேலின் லேப்டாப் பதில் சொன்னது. முதல் லைன் உயிர்த்துவிட்டதாக நம்பிய ஏற்பாடு, பெயரைத் திருப்பிக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தது. பதில் சொல்வது யார் என்று அது கேட்கவே இல்லை.

இப்போது இரண்டு மாவட்ட லாரிகளுக்கும் வழி சொல்பவன் ராஜவேல்.

அவன் அரியலூருக்கு போன் போட்டான். அங்கே ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் இருந்தார். நேர்மையான மனிதர். எங்கே போய் நின்றாலும் லாரி அந்தப் பக்கம் வராததால், ரொம்ப நாளாக ரோட்டோரப் புளியமரங்களை மட்டும் சோதனை செய்துகொண்டிருந்தார்.

"சார், ஆளுங்களோட மெயின் ரோட்டுல நில்லுங்க. இன்னிக்கு வருவாங்க."

பிறகு திரையைத் தொட்டான். கல்லங்குறிச்சி ரோடு சிவப்பு. ஊர்ச் சாலைகள் அத்தனையும் சிவப்பு. மெயின் ரோடு மட்டும் பச்சை.

* * *

இளையபெருமாளின் கார் முன்னே போக, ராஜவேலின் பைக் பின்னால் போயிற்று. லேப்டாப்பைக் கண்ட்ரோல் ரூமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்; அதைப் போனிலிருந்தே இயக்கலாம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே வெயில் கொதித்தது. கிளைச் சாலைகளிலிருந்து டிப்பர் லாரிகள் ஒவ்வொன்றாக மெயின் ரோட்டில் ஏறி, புழுதி கிளப்பிக்கொண்டு அரியலூர் பக்கம் பறந்தன.

"அண்ணே, உங்களுக்குக் கோவமே வரலியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மர்ஜியா.

"அது வந்து ரொம்ப நாளாச்சு."

எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் மாடி வீடு. மேற்கே ஒரு கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு வயர் வந்து மாடிச் சுவரில் நுழைந்தது. கிழக்கே இன்னொரு கம்பத்திலிருந்து இன்னொன்று.

கதவைத் திறந்த பிரசாத் பனியனோடு நின்றான். கையில் டி.வி. ரிமோட். "வாங்க மாமா! உங்க லைன் படுத்துடுச்சு மாமா. எங்கப்பா லைன்லதான் மேட்ச் ஓடுது. நான் அப்பவே சொன்னேன்ல?"

பளார் என்று விழுந்தது ஓர் அறை. ரிமோட் சிதறி பேட்டரிகள் உருண்டன.

"லாரிக்காரனுக்கா வழி காட்டுற? ஏன்டா, என் பொண்ணைக் கட்டி..."

"நானா?" பிரசாத் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு அரியலூருக்கே வழி சரியாத் தெரியாது மாமா!"

அப்போது உள்ளேயிருந்து ஒரு போன் அடித்தது. அது நிற்பதற்குள் இன்னொன்று. பிறகு மூன்றாவது. கதவு ஒருக்களித்திருந்த அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வேகமாகப் பேசியது.

"இல்லண்ணே, மெயின் ரோடு செவப்புன்னுதான் போட்டிருக்கேன்... பச்சையா? உங்க போன்ல எப்படிப் பச்சை வரும்? எத்தனை வண்டி மாட்டுச்சு?... இருங்கண்ணே, கத்தாதீங்க..."

இளையபெருமாள் அந்தக் கதவைத் தள்ளினார்.

மேசையில் இரண்டு கணினிகள். வரிசையாகப் போன்கள். நடுவில் ஜெயசித்ரா. அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"முதல் லைன் நம்பரை யாரோ எடுத்திருக்காங்க" என்றாள். பிறகு, சின்னக் குரலில், "அப்பா, நீங்களா குடுத்தீங்க?"

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் மாப்ளைன்னு நினைச்சும்மா..."

"அவருக்கு இது வருமாப்பா? யோசிச்சுப் பார்க்க மாட்டீங்களா?" அவள் கண் கலங்கவில்லை. எரிந்தது. "அந்த ரூமை நான் கட்டினேன். கல்யாணம் முடிஞ்சதும் பொம்பளைப் புள்ளைக்கு இனி எதுக்குன்னு சாவியை வாங்கிட்டீங்க. மாமா ஆபீஸுல, மருமவ வாசல்ல வந்து நின்னா கேவலம்னுட்டாரு. ஆளுக்கொரு லைன் குடுத்தீங்க. வேலை மட்டும் குடுக்கல. நானா ஒண்ணு செஞ்சுக்கிட்டேன். ஒரு நாள், ஒரு நிமிஷம் அது நின்னதில்ல, தெரியுமா?"

மர்ஜியா ராஜவேலின் கையைப் பிடித்து வாசற்படிக்கு இழுத்தாள். "அண்ணே. உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"பேட்டரி மாத்தத் தெரியாதவன், ஒரு நிமிஷத்துக்கு மேல நம்பாதேன்னு எழுத மாட்டான்."

"அப்புறம் ஏன் அந்தப் பெரியவர்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பர் குடுத்திருப்பாரா?"

மர்ஜியா கையை விட்டுவிட்டாள்.

ராஜவேல் அறைக்குள் போய், ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் போன்களுக்கு நடுவே வைத்தான்.

"இலக்கியா. கல்லங்குறிச்சி ரோடு. சனிக்கிழமை."

ஜெயசித்ரா சாவியைப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சனிக்கிழமை தெரியும் என்பது அவள் விரல்களில் தெரிந்தது. அவை மேசை விளிம்பை இறுக்கின.

"நான் யாரையும் இடிக்கல" என்றாள். "வழிதான் சொன்னேன்."

"நானும் வழிதான் சொன்னேன்."

அவன் போனை அவள்முன் நீட்டினான். வழித்துணையில் இப்போது எல்லா ரோடும் சிவப்பு. கீழே புதிதாக ஒரு வரி: 'வண்டி மாட்டியவர்கள் நேரில் கேட்க'. அதற்குக் கீழே இந்த வீட்டின் முகவரி.

"கண்ட்ரோல் ரூமுல கிளம்பும்போதே இதை எழுதி வச்சிட்டேன். இப்பத்தான் போட்டேன். இத்தனை நாளா உங்க முகம் அவங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியும். மாட்டினது ஒரு வண்டி இல்ல. பெரம்பலூர்க்காரங்க இந்தப் பக்கம் இருந்து வருவாங்க. அரியலூர்க்காரங்க அந்தப் பக்கம் இருந்து."

"அய்யோ தம்பி!" இளையபெருமாள் அவன் சட்டையைப் பிடித்தார். "தெரிஞ்சேதான் என்கிட்ட வந்து கை நீட்டினியா? பெத்தவன் கையால..."

"ஆமாங்க."

அவனுடைய குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பெரியவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். சட்டையை விட்டுவிட்டார்.

"உங்களுக்கு ரெண்டு லைன் இருந்துச்சு" என்றான் ராஜவேல், ஜெயசித்ராவிடம். "ஒண்ணு, யாருக்கும் தெரியாம இப்படியே இருக்கிறது. அது அந்து போச்சு. இன்னொண்ணு, அவங்க வர்றதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போய், எந்த லாரி யாரோடது, அன்னிக்குப் பச்சை போட்டது யாருன்னு நீங்களே சொல்லிடுறது. அங்க உங்களை யாரும் தொட முடியாது."

தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. வெகுதூரமில்லை. பிரசாத் ஓடிப்போய் வாசல் கேட்டைச் சாத்தினான்.

ஜெயசித்ரா ஒவ்வொரு போனாக அணைத்தாள். கார் சாவிக்காக அப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "நான் ஓட்டுறேன்" என்று முன்னால் நடந்தார்.

காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள். கேட்பதற்கு அவளுக்குக் கூசியது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எந்த ரோட்டுல போகணும்?"

ராஜவேல் போனைத் தொட்டான். ஒரே ஒரு சிவப்பு, பச்சையாக மாறியது.

"கல்லங்குறிச்சி வழியா. சுத்துதான். ஆனா அது ஒண்ணுதான் காலி."

"அந்த ரோடா?"

"திருப்பத்துல மெதுவா போகச் சொல்லுங்க. ஸ்டேஷன் வாசல்ல முன்சக்கரம் இல்லாம ஒரு ஸ்கூட்டர் நிக்கும். அதுதான் அடையாளம்."

அவள் மடியில் சாவி கிடந்தது. மேசையிலிருந்து எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

கார் கிளம்பியது. ராஜவேல் ஓரமாக ஒதுங்கி வழி விட்டான்.

"பார்த்துப் போங்க" என்றான்.